மகளின் தோளுக்கு நான் வாங்கிய டீ

ஆத்தா,

மனு எழுதுவதென்றால் எனக்குக் கை தானாக ஓடும். சுமைதூக்குவோர் சங்கத்தில் இருபது வருஷமாக எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பவன் நான்தானே. 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கினால் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' வரைக்கும் நிற்காமல் போய்விடுவேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தட்டுகிறது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டால் அது நாடகம். அதனால் நேராக விஷயத்துக்கு வரத்தான் ஆசை, ஆனால் நேராக வரவும் எனக்குத் தெரியாது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். கோயம்புத்தூரில் உன் விடுதிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, வலது தோளுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டு, பொறுமையாகப் படி.

முந்தாநாள் சாயங்காலம் போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "ஞாயித்துக்கெழம யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்சன்ப்பா. தோளு லேசாப் பிடிக்குது. போடட்டுமா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஒனக்குத் தெரியாததா ஆத்தா. பாத்துப் போடு." போனை வைத்ததும் உன் அம்மா அடுப்படியிலிருந்து, "என்னவாம் ஒங்க மகளுக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, செலக்சனாம்" என்றேன். நீ சொன்னதில் பாதியைத்தான் அவளிடம் சொன்னேன். தோள் பிடிக்கிறது என்ற மறுபாதி என் வாயிலேயே நின்றுவிட்டது. நான் திட்டம் போட்டு மறைக்கவில்லை, அது தானாக நின்றது. நம் வீட்டில் 'லேசா' என்றால் எவ்வளவு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன்னைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் என் உறுதியெல்லாம் இளகிவிடும். நீ ஒரு தடவை "அப்பா" என்று இழுத்தால் போதும், நானே "போடு" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புவேன். இப்போது மதியம். ஏலக்காய்க் குடோனில் சாக்கு அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கரண்டு இல்லை. போடிமெட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கி மலையில் பாதியைக் காணவில்லை. சாரலில் ஜீப்பு எதுவும் இறங்கவில்லை, அதனால் யாருக்கும் சோலி இல்லை. எதிரே மூக்கையா அண்ணன் மூட்டைமேல் படுத்து வாய் திறந்து தூங்குகிறார். புதுக் காய் வந்து இறங்கியிருக்கிறது. அந்த வாசனைக்குள் உட்கார்ந்திருந்தால் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே பிடிபடுவதில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், கண் செருகுகிறது, அதற்குள் நீ வந்துவிடுகிறாய். எப்போது வந்தாலும் பதின்மூன்று வயதுதான். காலைத் தூக்குகிறாய், கையைப் பின்னால் இழுக்கிறாய், பந்து உன் விரலை விட்டுப் போகிறது. ஆனால் அது எங்கும் போய்ச் சேருவதில்லை. மேகத்துக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே விழப்போகிறதென்று நான் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தெருவில் லாரி ஹாரன் அடித்ததும் முழிப்பு வந்துவிடும். இந்தக் கனவைப் பற்றி உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, கேலி செய்வாள்.

எட்டாம் வகுப்பில் நீ பேஸ்பாலில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றபோது, அது என்ன விளையாட்டு என்று நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. "கிரிக்கெட்டுல பாதி, கில்லியில பாதி" என்று மூக்கையா அண்ணன் விளக்கம் கொடுத்தார். அவரும் பார்த்ததில்லை. உங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர் கல்லூரியில் அதை ஆடியவர். நான்கு தோல் கையுறை, ஒரு மட்டை, சிவப்புத் தையல் போட்ட கொஞ்சம் பந்துகள், இதுதான் அவர் கொண்டுவந்த சொத்து. பந்து எறிகிறவளுக்குப் பிட்சர் என்று பேர், அவள் நிற்க நடு மைதானத்தில் ஒரு மண்மேடு வேண்டும் என்றார். மேடு போட மண் இருந்தது, சுமக்கத்தான் ஆள் இல்லை என்றார். நாங்கள் எதற்கு இருக்கிறோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் ஏழு பேர் செம்மண்ணை மூட்டை மூட்டையாகச் சுமந்து கொட்டினோம், தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினோம். வேலை முடிந்ததும் டீச்சர் உன்னை ஏறச் சொன்னார். ஏறி நின்று எங்கள் ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்தாய். வீட்டில் தட்டு கழுவச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கும் பிள்ளையா இது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

நீ எறிவதை எப்படிச் சொல்வேன். கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது. இதில் மடக்கி, பின்னால் இழுத்து, இடது காலை நெஞ்சு வரைக்கும் தூக்கி, உடம்பு மொத்தத்தையும் முன்னால் விடவேண்டும். எட்டு வைத்து நடந்தால் இருபது எட்டு தள்ளிக் குத்தவைத்திருக்கும் பிள்ளையின் கையுறையில் 'டப்' என்று சத்தம் கேட்கும். கைக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் பந்தை நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் லோடு முடிந்ததும் சாக்குத் தூசியோடேயே மைதானத்து வேலிக்கு வந்துவிடுவேன். மலைக்குப் பின்னால் வெயில் போய், தரையெல்லாம் ஒரு மாதிரி நீலம் பூத்திருக்கும். அந்த நேரத்தில் 'டப்', கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. நாள் முழுக்கச் சுமந்தது என் உடம்பிலிருந்து இறங்கிவிடும். அப்பன் தூக்கினான், மகள் எறிகிறாள், நம் குடும்பத்துக்கே ஆண்டவன் தோளில்தான் எழுதியிருக்கிறான் என்று குடோனில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சலித்துப்போனது.

நீ பத்தாவது படிக்கும்போது, கார்த்திகை மாதம் ஒரு காலையில் உன் அம்மா என்னிடம் வந்து, "பிள்ள தலபின்னி விடச் சொல்லுதுங்க" என்றாள். "பின்னி விடேன், இதுல என்ன?" என்றேன். "ஏழு வயசுல இருந்து அவளாத்தேன் பின்னிக்கிறா. கைய மேல தூக்க முடியல போல. என்னன்னு கேளுங்க." உன் அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். ஆயிரம் காய்க்கு நடுவில் உள்ளே விதையில்லாத ஒரு பொக்கைக் காயைத் தொட்டே கண்டுபிடிப்பாள். அவள் கண்டுபிடித்துச் சொன்னதை நான்தான் தள்ளிவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுத் தோளை அமுக்கிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாய். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். 'தோள் பழக ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வேலையில் புது ஆளுக்கு முதல் மூன்று மாதம் படாத பாடு. தோள் வீங்கும், தோல் உரியும், சட்டை பட்டாலே எரியும். அவனை நாங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, மறுநாள் அதே தோளில் மூட்டையை ஏற்றுவோம். தோள் மாற்ற விடமாட்டோம். மாற்றினால் இரண்டுமே பழகாது என்பார்கள். ஒருநாள் அந்த இடம் தடித்துக் காய்த்துப்போகும், வலி நின்றுவிடும். அன்றைக்கு அந்த ஆள் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தரவேண்டும். அதற்குத் தோள் டீ என்று பேர். நான் என் தோள் டீயை இருபத்தொரு வயதில் வாங்கிக் கொடுத்தேன். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. உன் வலியைப் பற்றி மூக்கையா அண்ணனிடம் சொன்னதற்கு, "புதுத் தோளு அப்படித்தேன் முரண்டு பிடிக்கும். விட்றாத, எறியச் சொல்லு. தானா மரத்துப் போகும்" என்றார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

நாலு நாள் உனக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தேன். நாலு நாளும் எறியப் போனாய். ஐந்தாம் நாள், "இப்ப எப்படியிருக்கு ஆத்தா?" என்று கேட்டேன். "வலி போயிருச்சுப்பா" என்றாய். உன்னைச் சீருடையோடேயே குடோன் முக்கு டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் டீ, வடை. "எம் மக தோளு டீ, குடிங்கப்பா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். சிரிப்பும் கும்மாளமும் அடங்கவில்லை. நடுவில் நீ பெஞ்சில் உட்கார்ந்து இடது கையில் கிளாசைப் பிடித்துக் குடித்தாய். மூக்கையா அண்ணன்தான் கேட்டார், "ஏந் தாயி, பீச்சாங்கையில குடிக்கிற?" "சோத்துக்கையெல்லாம் மண்ணு பெரியப்பா" என்றாய். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உன் வலது கை மடியில் சுத்தமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தேன், ஆத்தா. பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு வடை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

தை மாதம் மாவட்டப் போட்டியில் நாலாவது சுற்றில் உன் பந்து பாதி வழியிலேயே செத்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நீ மேட்டிலிருந்து இறங்கி வந்து, இடது கையால் பந்தை எடுத்து டீச்சரிடம் கொடுத்தாய். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை. டீச்சர்தான் அழுதார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல கண்ணு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். தேனியில் ஒரு டாக்டரிடம் போனோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பின் நுனிப் பக்கம் ஒரு இடம் முற்றாமல் இளசாக இருக்குமாம், எறிந்து எறிந்து அந்த இடம் விரிந்துபோயிருக்கிறது என்றார். நான் எங்கள் தோள் சங்கதியைச் சொன்னேன். பெரிய மேதாவி மாதிரி என் தோளைத் திறந்து காய்ப்பைக் காட்டவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "மூட்டை தோளுக்கு மேல உக்காருதுங்க. பந்து தோளுக்கு உள்ளேருந்து கெளம்புது. மேல காய்க்கும். உள்ள எதுவும் காய்க்காது" என்றார். மூன்று மாதம் எறியவே கூடாது, எறியாமல் இருந்தால் தானாகக் கூடிவிடும் என்றார்.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு ஒரு நீண்ட மதியத் தூக்கம் மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வருவாய். முதல் மாதம் கையை ஆட்டாமல் வைத்திருந்தாய். அப்புறம் ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஒரு அக்கா தந்த ரப்பர்ப் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக இழுப்பாய். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை ஏற்றி இறக்குவாய். ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிறவன் வீட்டில் ஒரு பாட்டில் தண்ணீருக்கு இந்தப் பாடா என்று எனக்குச் சிரிப்பு வரும். அந்த அக்கா ஒருநாள், "எறியறது தோளு இல்ல சார், காலும் இடுப்பும்தான். தோளு கடைசியில வழியனுப்பி வைக்குது, அவ்வளவுதான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஏனென்றால் மூட்டையைத் தூக்குவதும் தொடைதான். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் தொழிலுக்கும் உண்மை தெரிந்திருந்தது. தினமும் சாயங்காலம் உன்னோடு சேர்ந்து நானும் குத்தவைத்து எழுந்தேன். உன் அம்மா முறத்தோடு வாசலில் உட்கார்ந்து, "அப்பனும் மகளும் தவளையாட்டம் இருக்கீக" என்றாள். நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் அவ்வளவு நேரம் சேர்ந்திருந்தது அப்போதுதான்.

இனி எழுதப்போவதை ஆறு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. பங்குனி மாதம், இரண்டாம் மாத ஓய்வு முடியும் சமயம். குரங்கணியில் காப்பி மூட்டை ஏற்றும் வேலை இருந்தது, லீவு நாள் என்று உன்னையும் கூட்டிப்போனேன். லோடு ஏற ஒரு மணி நேரம் இருந்தது. கொட்டக்குடி ஆற்றோரம் இறங்கி நின்றோம். இலவங்காய் வெடிக்கிற பருவம். காற்றில்லாத வெயிலில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர்மேல், பாறைமேல், உன் முடியில், என் மீசையில். எதுவும் கீழே விழ அவசரப்படவில்லை. நீ பையிலிருந்து பந்தை எடுத்துச் சும்மா விரலில் உருட்டிக்கொண்டிருந்தாய். பிடிக்கலாம், எறியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. "ஒரே ஒரு பந்து போடு ஆத்தா. பாத்து ரெம்ப நாளாச்சு" என்றேன். "டாக்டரு வேணாம்னாருல்லப்பா" என்றாய். "ஒண்ணுதேன். யாருக்குத் தெரியப் போகுது?" நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு எழுந்து, அக்கரை இலவ மரத்தைப் பார்த்து எறிந்தாய். அடி மரத்தில் பட்டது. மரம் குலுங்கிப் பஞ்சு கொட்டியது. நான் கைதட்டினேன். பாறை தாண்டி ஓடிப்போய் நானே பந்தை எடுத்து வந்தேன். "இன்னொண்ணு" என்றேன். பத்துப் பந்து போட்டாய். பத்துக்கும் சிரித்தாய்.

மறு வாரம் டாக்டர் தோளை அமுக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. "எறிஞ்சியாம்மா? யாராவது எறியச் சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் உன் பின்னால் எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல டாக்டர். நானாத்தேன் போட்டேன்" என்றாய். அவர் உன்னைத் திட்டினார். பொறுப்பில்லை என்றார், அப்பா அம்மா படும் கஷ்டம் தெரியவில்லை என்றார், அப்பா கஷ்டப்பட்டுக் கூட்டி வருகிறார் பார் என்று என்னைக் கை காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை எனக்காகப் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றது, நான் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. பஸ்சு ஸ்டாண்டில் கடலை மிட்டாய் வாங்கித் தரச் சொன்னாய், வாங்கிக் கொடுத்தேன், போடி வரும் வரைக்கும் ஜன்னலோரம் தின்றுகொண்டே வந்தாய். என்னை மன்னித்துவிட்டதாகத்தான் நீ அப்படி இருந்தாய் என்று நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன். ஆத்தா, நான் செய்தது தப்பு. எறியச் சொன்னதைவிட, அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் பெரிய தப்பு.

அப்புறம் நீ சரியானாய். பத்து எட்டுத் தூரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், எண்ணி இருபது பந்து. அப்புறம் பதினைந்து எட்டு, இருபது எட்டு. வலித்தால் முந்தின தூரத்துக்குத் திரும்பப் போகவேண்டும். அந்தப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, என்னிடமிருந்து இல்லை. வேலிக்கு வெளியே நின்று நானும் சிலது கற்றுக்கொண்டேன். சோர்வு உடம்பு முழுக்க இருக்கும், தூங்கினால் போய்விடும். வலி ஒரு விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் இருக்கும், தூங்கி எழுந்தாலும் அங்கேயே இருக்கும். வேகம் குறைவதற்கு முன்னால் குறி தப்பும். நீ நினைத்த இடத்துக்குப் பந்து போகவில்லையென்றால் தோள் ஏதோ சொல்கிறது, அன்றைக்குப் போதும் என்று இறங்கிவிட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு மேடு ஏறவே கூடாது, மாத்திரை வலியைத்தான் தூங்க வைக்கும். இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்னிடம் போடட்டுமா என்று கேட்கிறாய். ஏன் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். உன் தோளில் வலி இருக்கிறதா இல்லையா என்று நீ கேட்கவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறாய். அன்றைக்கு ஆற்றோரம் என் முகத்தைப் பார்த்தாயே, அந்தப் பார்வைதான் போனில் வந்தது.

நேற்று காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனில் விட்ட பாதியைச் சொன்னேன், ஆற்றோரத்தைச் சொன்னேன், டாக்டர் அறையைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், "இன்னும் ஒண்ணு இருக்குல்ல, அதையும் சொல்லுங்க" என்றாள். இருந்தது. நாலு வருஷமாக என் வலது கை காதுக்கு மேல் போவதில்லை. தலை வாருவது இடது கையால். பனியன் போடுவதை விட்டுவிட்டேன், பித்தான் வைத்த சட்டைதான். வேர்க்கிறது என்று சொல்லி ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொக்கைக் காயைத் தொட்டே கண்டுபிடிக்கிறவளை யார் ஏமாற்றுவது? "நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பனும் மகளும் வலியக்கூட எனக்குத் தெரியாமத்தேன் வச்சுக்கிறீக. கெளம்புங்க வெரசா" என்றாள். அரிசி ஊறிக்கொண்டிருக்கவே தேனிக்குப் பஸ்சு ஏறினோம்.

உன் தோளைப் பார்த்த அதே டாக்டர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். "வலிக்குதா?" என்று கேட்டார். "லேசா" என்று ஆரம்பித்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். "வலிக்குது சார். ரொம்ப வலிக்குது" என்றேன். ஐம்பத்துமூன்று வயதில் அந்த வார்த்தையை இன்னொரு ஆளிடம் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படியொன்றும் இல்லை. டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார், அடுத்த கேள்வி கேட்டார், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், உள்ளே ஒரு தசைநார் கிழிந்திருக்கிறதாம். மேலே நான் பெருமையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த காய்ப்பு அப்படியே இருக்கிறது, அதற்கு அடியில் எத்தனை வருஷமாகவோ கிழிந்துகொண்டிருந்திருக்கிறது. இனி மூட்டை தூக்க வேண்டாம் என்கிறார். சங்கத்தில் கணக்கெழுத உட்காரச் சொல்கிறார்கள், பார்க்கலாம். என் கதை போகட்டும். என் தோள் வயது முடிந்த தோள். உன்னுடையது இருபத்தொன்று.

ஆகவே, நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். முந்தாநாள் சொன்னதை அழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை பந்து போடாதே. இது உனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்ல மாட்டேன், அது பொய். இந்த வாய்ப்பு போனால் போனதுதான். நீ அந்தச் சட்டை போட்டு நிற்பதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன். இருந்தாலும் போடாதே. நீ எறிந்தாலும் எறியாவிட்டாலும் எனக்கு நீதான் வேண்டும். இதை உன் பதினைந்து வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தெரியவில்லை.

நாளைக் காலையில் முதல் சோலியாக உங்கள் கோச்சிடம் போ. தோள் பிடிக்கிறது என்று சொல்லாதே, லேசாக என்று சொல்லாதே. வலிக்கிறது என்று சொல், எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டு. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும், எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் கோபித்துக்கொண்டால், கடைசி நேரத்தில் இப்படிச் செய்கிறாயே என்று கேட்டால், நீ பேச்சு வாங்கிக்கொண்டு நிற்காதே. என் நம்பரைக் கொடு. எங்க அப்பாதேன் போடக் கூடாதுன்னுட்டாரு, அவருகிட்டக் கேளுங்க என்று சொல். போனை நான் எடுப்பேன். ஆமாம் சார், நான்தான் சொன்னேன் என்று சொல்வேன்.

அப்பா